பவளம் முட்டையிட்ட இடம்

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் பதினாறு வருடமாக வேலை செய்யும் கிளறிற்றாவுக்கு இரண்டு குரல்கள் உண்டு. பல்வலியோடு வருகிறவர்களிடம் அடுத்த வியாழக்கிழமைக்கு முன் இடமே இல்லை என்று சொல்லும் குரல் ஒன்று. மற்றது, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மாடியில் பின்னறைக் கதவைத் திறந்து, "என்ன செல்லங்கள், இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்கும் குரல். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த இரண்டாவது குரல் தன் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை என்று அவளுடைய கணவர் செபஸ்தியாம்பிள்ளை குறைப்படுவார்.

பின்னறையில் இருந்தவை பதினொரு கிங் ஸ்நேக்குகள். அமெரிக்க, மெக்சிக்க நாட்டுப் பாம்புகள், விஷமில்லாதவை, வளர்ந்தால் இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் கூட வரும். ஒன்றிரண்டு கதலிப்பழ மஞ்சள். ஒன்று மையில் தோய்த்தெடுத்த கறுப்பு. மலைச்சாதிப் பாம்புகளுக்கு உடம்பு முழுக்கச் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். நெசவுகாரன் தலைகீழாக நின்றாலும் ஒரு சேலைக்கு இப்படிக் கரை போடமாட்டான் என்பது கிளறிற்றாவின் கட்சி.

இந்தப் பழக்கத்தை அவளுடைய தலையில் யாரும் கட்டவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன், மகன் நிருஜனின் பள்ளிக்கூட விழாவுக்கு ஒருவர் பெட்டி பெட்டியாகப் பிராணிகளைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டினார். பாம்பைக் கண்டதும் நிருஜன் அழுதுகொண்டு தாயின் பின்னால் ஒளித்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைக்குக் காட்டத்தான் அவள் கையை நீட்டினாள். பாம்பு அவளுடைய மணிக்கட்டைச் சுற்றிக் காப்பு மாதிரி இருந்துகொண்டது. வழுவழுவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். காய்ந்து, மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தது. மெலிந்துவிட்டாய் என்றோ கொழுத்துவிட்டாய் என்றோ அது சொல்லவில்லை. நிருஜன் ஐஸ்கிறீம் கேட்டு இழுக்க இழுக்க, அவள் திரும்பவும் வரிசையில் போய் நின்றாள். அடுத்த மாதம் ஒரு குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

செபஸ்தியாம்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர். குரொய்டனில் சனிக்கிழமைச் சனத்துக்கு நடுவே இரண்டு தட்டு பஸ்ஸை விசிலடித்துக்கொண்டு திருப்புகிற மனிதர், பின்னறையைத் தாண்டும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். முதலாவது குட்டி வந்த அன்றே வேதாகமத்தோடு வழக்குக்கு வந்தார்.

"ஏவாளைக் கெடுத்தது ஆர்? சொல்லும் பாப்பம்."

"அது கதைச்ச பாம்பு. இது கதைக்காது. இந்த வீட்டிலை நீங்கள் மட்டுந்தான் கதைக்கிறியள்."

வழக்கு அத்தோடு தள்ளுபடியானது. பாம்புகளுக்குக் கொடுக்கும் உறைந்த எலிகளுக்கு வேறு குளிர்ப்பெட்டி வேண்டும் என்ற ஒரேயொரு நிபந்தனையை மட்டும் அவர் வென்றெடுத்தார்.

வளர்ப்பதோடு நின்றிருந்தால் அது பொழுதுபோக்கு. கிளறிற்றா குஞ்சு பொரிக்கவும் வைத்தாள். அது இலேசான காரியமில்லை. கிங் ஸ்நேக்கின் உணவில் மற்றப் பாம்புகளும் அடக்கம். பசியோடிருக்கும் பெட்டைக்குப் பக்கத்தில் ஆணை விட்டால் மாப்பிள்ளையே விருந்தாகிவிடுவான். ஆகவே பெட்டைக்கு வயிறு நிறையக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து ஆணை விட்டு, அவள் நீளக் கொக்கியோடு நாற்காலி போட்டுக் காவலிருப்பாள். மாரியில் இரண்டு மாதம் குளிரில் வைப்பது, வசந்தத்தில் சேர்ப்பது, எத்தனையாம் நாள் தோலுரிக்கும், எத்தனையாம் நாள் முட்டையிடும் என்பதெல்லாம் ஒரு நீலக் கொப்பியில் இருந்தது. அந்தக் கொப்பியில் அவளுக்கிருந்த நம்பிக்கை, பல் வைத்தியரின் கம்ப்யூட்டரில் இல்லை.

குஞ்சு கேட்டு வருகிறவர்களை அவள் விசாரிக்கிற விதம் பிரசித்தம். என்ன வேலை, வீடு சொந்தமா, வீட்டில் பூனை உண்டா, பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுக்கிற ஆளா? கடைசிக் கேள்விக்குச் சிரித்தவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறாள். எட்மண்டனிலிருந்து வந்த ஒருவர், "என்ரை மனிசியைக் கேக்கேக்கை அவவின்ரை தகப்பன்கூட இவ்வளவு கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பாராட்டாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

கிங் என்றால் ராஜா. ஸ்நேக் என்றால் பாம்பு. ஊர்ச்சனம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, கிளறிற்றாவின் வீட்டில் ராஜநாகம் இருக்கிறது என்று முடிவு கட்டியது. ஒருமுறை கதை கவுன்சில் வரைக்கும் போய், ஒருவர் தடித்த கையுறையோடு வந்து பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். சனம் நம்பவில்லை.

அப்படி நம்பாதவர்களில் முதலாவது ஆள் தவநாயகி. பத்து நிமிட நடைதூரத்தில் இருந்தவர். வயது அறுபத்து நாலு, கணவர் இல்லை. ஒரே மகள் பிரசாந்தினி ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியர். முப்பத்து மூன்று வயதாகியும் அவளுக்கு ஒரு கல்யாணமும் பொருந்தவில்லை. நாகதோஷம் என்று ஒரு சாத்திரியார் சொல்லிவிட்டார். லூயிஷாம் சிவன் கோயிலில் செய்யவேண்டிய அருச்சனையெல்லாம் செய்தாகிவிட்டது. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது உயிருள்ள நாகம்.

"பாலும் மஞ்சளும் பூவும் கொண்டு வாறன், பிள்ளை. ஒரு பத்து நிமிசம்."

"அக்கா, இது நாகம் இல்லை. படம் எடுக்காது. பாலும் குடிக்காது."

"குடிக்காட்டிப் பரவாயில்லை. பாக்கட்டும்."

ஒரு மாதமாக மறுத்த கிளறிற்றா, "வீட்டிலை இப்பிடி வடிவான சாமான் வைச்சுக்கொண்டு ஆருக்கும் காட்டாமல் இருக்கிறீரே" என்று தவநாயகி சொன்ன ஒரு சொல்லில் விழுந்துவிட்டாள். புகழ்ச்சி பிடிக்காது என்று சொல்லித் திரிகிறவள் அவள்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். மகளின் முகத்தில், யாராவது தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களோ என்ற கவலை எழுதி ஒட்டியிருந்தது. கிளறிற்றா பவளத்தைக் கையிலெடுத்தாள். பவளம் அவளுடைய பெருமைக்கெல்லாம் பெருமையான மலைச்சாதிப் பெட்டை. மூக்கு வெள்ளை, வயிற்றில் முட்டை. கொப்பியின்படி இன்னும் ஐந்து நாள் இருந்தது. தவநாயகி கண்ணை மூடி முணுமுணுத்தார். பூவைப் பெட்டிக்குள் வைத்தார். கை தவறிப் பால் கொட்டுப்பட்டது. துவாயால் துடைத்து, ஈரத் துவாயைத் தன்னுடைய துணிப்பைக்குள் வைத்துப் பையைச் சுவரோரம் சாய்த்தார்.

"அன்ரி, கண்ணிமை இல்லாமல் இது எப்பிடி நித்திரை கொள்ளும்?" என்று பிரசாந்தினி கேட்டாள்.

நல்ல கேள்வி கேட்கிறவர்களைக் கிளறிற்றா இலேசில் விடமாட்டாள். பவளத்தைப் பெட்டிக்குள் விட்டபடியே பதில் சொல்லத் தொடங்கினாள். பதில் மற்றப் பாம்புகளைச் சுற்றி, கொப்பிக்குப் போய், கீழே தேத்தண்ணியும் வாய்ப்பனுமாக ஒரு மணித்தியாலம் நீண்டது. போகும்போது தவநாயகி மேலே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். மகள் காரில் கூட்டிப்போனாள்.

பின்னேரம் பார்த்தால் பவளத்தின் பெட்டி மூடி ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. உள்ளே பூ மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிளறிற்றா வீட்டைக் கழற்றினாள். குளியல் தொட்டியின் பக்கப் பலகை, சமையலறை அலுமாரிகளின் அடி, கம்பளத்தின் ஓரம் எதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாடுவதை ஒருநாளும் தவறவிடாத செபஸ்தியாம்பிள்ளை, அன்றைக்குத் தானாகவே மேலதிக ஷிப்ட் கேட்டு வாங்கினார். "பஸ்ஸிலை எண்டால் கதவைப் பூட்டலாம்" என்று காரணமும் சொன்னார். தேடத் தேட அவளுக்குத் தவநாயகியின் மேல் கோபம் ஏறியது. பாலும் பூவுமாக வந்து தன்னுடைய கவனத்தைக் கெடுத்தது அவர்தான். ஆனால் திங்கட்கிழமை காலை, வேலைக்கு வரமுடியாது என்று போன் பண்ணிவிட்டு வெறும் பெட்டிக்கு முன்னால் இருந்தபோது, மூடியின் இரண்டு கொளுக்கிகளும் கண்ணில் பட்டன. அவற்றுக்கு மேல் சிவப்பு மையில், 'பூட்டினனீரா?' என்று அவளே எழுதி ஒட்டிய துண்டும் இருந்தது. அன்று மூடியைத் தொட்டது அவள் ஒருத்திதான். கண்ணிமையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு பூட்ட மறந்தவளும் அவள்தான். வயிற்றில் முட்டையோடு ஒரு பாம்பு குளிரில் எங்கே கிடக்கிறதோ என்று நினைத்து, ஐம்பத்து மூன்று வயதுப் பெண் சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.

அந்த நேரம் போன் அடித்தது.

"அன்ரி, பதறவேண்டாம். பவளம் இஞ்சை இருக்கு," என்றாள் பிரசாந்தினி. "நேற்று விடியவே அம்மா கண்டிட்டா. எனக்கும் சொல்லேல்லை. சாமி அறைக்குள்ளை ஒருத்தரையும் விடேல்லை. இப்பத்தான் பாத்தன். முட்டையும் இட்டிருக்கு."

கிளறிற்றா ஓடிய ஓட்டத்தில் சப்பாத்தின் இரண்டு கால்களும் சோடியில்லாமல் இருந்ததை அங்கே போய்த்தான் கவனித்தாள்.

தவநாயகியின் சாமி அறை, மாடியில் சுடுதண்ணித் தாங்கி இருக்கும் அலுமாரியை ஒட்டிய சின்ன அறை. எந்த நேரமும் கதகதப்பாக இருக்கும். நாகபூசணி அம்மன் படத்துக்குக் கீழே, துணிப்பைக்குள், ஈரம் காயாத துவாயின் மடிப்பில் பவளம் ஆறு முட்டைகளைச் சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் பால். பவளம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடந்தது என்னவென்று கிளறிற்றாவுக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. முட்டையிடப் போகும் பாம்பு ஈரமான இருட்டுத் தேடும். பை அங்கே வாய் திறந்து இருந்திருக்கிறது. கொப்பி ஐந்து நாள் பிழை.

அவள் பவளத்தை மெல்லத் தூக்கித் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டாள். முட்டைகளுக்குக் கை நீட்டினபோது தவநாயகி நடுவில் வந்து நின்றார்.

"பாம்பு உம்மடை. கொண்டு போம். முட்டையிலை கை வைக்காதையும்."

"அக்கா, இதைப் பொரிக்கிற பெட்டியிலை வைக்கவேணும். இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி. ஈரம் பாக்கவேணும். உருட்டக்கூடாது."

"பெட்டியை இஞ்சை கொண்டு வாரும். ஊரிலையிருந்து வந்தவை பதினைஞ்சு பேர் ஒரே நேரத்திலை தங்கின வீடு இது. ஆறு முட்டைக்கு இடமில்லையே?"

"அது அப்பிடியில்லை அக்கா..."

தவநாயகியின் குரல் தணிந்தது. "ஆறு வருசமா இந்த அறையிலை இருந்து ஒரு கேள்வியைத்தான் கேக்கிறன், பிள்ளை. ஒருநாளும் ஒண்டும் வந்து நிக்கேல்லை. இப்ப ஒண்டு வந்திருக்கு. அதையும் உடனை தூக்கிக்கொண்டு போப்போறன் எண்டுறீர்."

ஈரத் துவாயைப் பற்றிச் சொல்லக் கிளறிற்றா வாயைத் திறந்தாள். பிரசாந்தினி தாயின் தோளுக்கு மேலால் வேண்டாம் என்று தலையாட்டினாள். கிளறிற்றா வாயை மூடிக்கொண்டு, கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொரு முட்டையின் மேற்பக்கத்திலும் ஒரு சின்னப் புள்ளி போட்டாள். "புள்ளி எப்பவும் மேலை இருக்கவேணும்" என்றாள். முட்டைகளைக் காரில் கொண்டுபோனால் குலுங்கும் என்பதற்காகத்தான் விட்டுக்கொடுத்தேன் என்று பிறகு கணவரிடம் சொன்னாள். பத்து நிமிடப் பாதையில் அப்படி என்ன குலுக்கம் என்று பஸ் ஓட்டுகிற மனிதர் கேட்கவில்லை. பாம்பு முட்டைகள் வீட்டுக்கு வராத சந்தோஷத்தில் இருந்தார்.

பொரிக்கும் பெட்டி சாமி அறைக்குப் போனது. அதன் பிறகு நாளுக்கு இரண்டு போன். காலையில் ஒன்று, வேலை நேரத்தில் ஒன்று. பல்லைப் பிடித்துக்கொண்டு இருந்த நோயாளிகளுக்கு முன்னால் கிளறிற்றா, "எத்தினை இருக்கு? இருபத்தெட்டே? மூடியிலை தண்ணி முத்து முத்தா நிக்குதே? அப்ப கொஞ்சம் திறந்து மூடுங்கோ" என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழ் விளங்காத ஒரு வெள்ளைக்காரக் கிழவர், வீட்டில் சின்னக் குழந்தை சுகமில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். ஆறு பேர் என்று அவள் விரலைக் காட்டினாள்.

தவநாயகி சொன்னதையெல்லாம் செய்தார், சொல்லாததையும் செய்தார். காலையும் மாலையும் முட்டைகளுக்குத் தேவாரம் பாடினார்.

"அக்கா, பாம்புக்குக் காது இல்லை. முட்டைக்கு எப்பிடி வரும்?"

"எனக்கு இருக்குத்தானே."

பிரசாந்தினி வெப்பநிலையைக் குறித்து ஒரு வரைபடம் போட்டு வாரத்துக்கு ஒருமுறை அனுப்பினாள். கூடவே ஒரு குறிப்பு: "அன்ரி, ஒண்டரை மாசமா அம்மா எனக்கு ஒரு மாப்பிள்ளையின்ரை படமும் காட்டேல்லை. இது எண்பது நாள் எடுக்கிற மாதிரி ஏதாவது செய்யேலாதே?"

ஐம்பத்தெட்டாவது நாள், ஆடி முடிகிற கிழமையில், காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"பிள்ளை, ஒரு முட்டை கிழிஞ்சு போச்சு! நான் ஒண்டும் செய்யேல்லை!"

"கிழிஞ்ச இடத்திலை மூக்குத் தெரியுதே?"

பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓம். வெள்ளை மூக்கு. என்னைப் பாக்குது" என்றார் தவநாயகி, மூச்சு விடாமல்.

கிளறிற்றா வேலையை விட்டு நடுவில் எழும்பிப் போனது பதினாறு வருடத்தில் அது முதல் தடவை. அன்றும் அடுத்த நாளும் இருவரும் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். குஞ்சு தலையை நீட்டும். யாரோ கூப்பிட்ட மாதிரி உள்ளே இழுக்கும். பிறகு ஒரு பேனாத் தடிப்பில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக வெளியே வழிந்து வரும். அப்படி ஆறும் வந்தன. கிளறிற்றா மூன்றுதரம் எண்ணிப் பார்த்தாள். ஆறுக்கு ஆறு. கொப்பியும் கொக்கியும் பன்னிரண்டு வருட அனுபவமும் சேர்ந்து போன வருடம் அவளுக்குக் கொடுத்தது ஏழுக்கு நாலு. சந்தோஷம் தொண்டை வரை வந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே வேறு ஏதோ ஒன்று முள் மாதிரி நின்றது.

"இது நல்லதே, பிள்ளை? வழக்கமா இவ்வளவு வருமே?" என்று தவநாயகி கள்ளமில்லாமல் கேட்டார்.

"பரவாயில்லை," என்றாள் கிளறிற்றா.

அவளை ஏற்ற வந்த செபஸ்தியாம்பிள்ளை படியின் உச்சியில் நின்று, எட்டடி தூரத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்து, "வடிவாத்தான் இருக்குதுகள்" என்று ஒப்புக்கொண்டார். அதற்குமேல் ஓரடியும் வைக்கவில்லை.

குஞ்சுகள் முதல் தோலை உரித்து, முதல் இரையும் எடுத்தபின், ஐந்தைக் கிளறிற்றா கொண்டுபோனாள். ஆறாவது தனக்கு வேண்டும் என்று தவநாயகி கேட்டார். சிநேகிதத்துக்காகச் சட்டத்தை மாற்றுகிறவளா கிளறிற்றா? தவநாயகியை அவருடைய வரவேற்பறையிலேயே இருத்தி, எல்லாக் கேள்வியையும் வரிசைப்படி கேட்டாள். பூனை இல்லை. வீடு சொந்தம். கழுத்தில் போட்டுப் படம் எடுப்பதா, சீச்சீ, அது அம்மன்ரை பிள்ளையல்லோ. உறைந்த எலியை இளகவைத்துக் கொடுக்க வேண்டுமே, சைவக்காரி கையால் முடியுமா என்று கடைசியாக ஒரு புதுக் கேள்வி போட்டுப் பார்த்தாள். "நான் சாப்பிடப் போறதில்லைத்தானே?" என்றார் தவநாயகி. கிளறிற்றாவுக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

தோஷம் கழிந்துவிட்டது என்று சாத்திரியாரும் உறுதி சொன்னார். ஒக்டோபரில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அடுத்த நாள் காலை தவநாயகி வேலையிடத்துக்குப் போன் எடுத்தார்.

"பெடியன் நல்ல பெடியன்தான். பிரசாந்தினியும் வடிவாக் கதைச்சவள். பிறகு மேலை குஞ்சைக் காட்டினன். கண்ட உடனை ரண்டு அடி பின்னாலை போயிட்டான். கல்யாணம் முடிஞ்சால் மகள் இஞ்சை வந்து போறதெண்டால் இதை ஆருக்கும் குடுத்திட வேணுமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லிறது? தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி, ஆறப்போகுது எண்டன்."

"பிரசாந்தினி?"

"அவள் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். இவள் இப்பிடிக் கட்டிப்பிடிச்சு எத்தினை வருசம் எண்டு நினைக்கிறீர்?" கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குக் கவலை இல்லாமல் இல்லை, பிள்ளை. வேறை ஆக்களும் இருப்பினம்தானே. பயப்பிடாத ஆக்கள்."

"இருப்பினம் அக்கா. கட்டாயம் இருப்பினம்."

தவநாயகி போனை வைத்ததும் கிளறிற்றா நிமிர்ந்தாள். மேசைக்கு முன்னால் ஒரு இளம் பெண் கன்னம் வீங்கி, கண் கலங்கி நின்றுகொண்டிருந்தாள். கிளறிற்றா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் இடமில்லைதான்.

"இருங்கோ பிள்ளை," என்றாள். "பன்னிரண்டு மணிக்குள்ளை எப்பிடியும் உள்ளை விடுறன்."